வராந்தாவில் பார்க்காத ஒரே முகம்

நீதிமன்றத்தின் நெடுந்தூணே! நேர்மையின் நிறைகுடமே! கட்டுக்கட்டாய்க் குவிந்த கோப்புகளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த காவலரே! கறைபடாத கரத்தவரே! முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் தலைமை எழுத்தர் ஐயா அவர்களே! வணக்கம்.

'கறைபடாத' என்று எழுதியதுமே, அதை அடித்துவிடச் சொல்வீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அடிக்க மாட்டோம், ஐயா. இத்தனை நாள் நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டோம். இந்த ஒன்றை மட்டும் கேட்கப் போவதில்லை.

மணி அடிக்கும் முன்னே வந்து, மற்றவர் போன பின்னே போனவர் நீங்கள். வழி தெரியாமல் வாசலில் விழிக்கும் வழக்காளிகளைக் கையைப் பிடித்து உரிய அறைவரை கூட்டிப்போனவர் நீங்கள். நாங்கள் தட்டச்சு செய்து தந்த தாளில் காற்புள்ளி ஒன்று குறைந்தாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இது என்னப்பா, மூச்சு விடாம ஓடுது? திருப்பி அடிச்சுக் கொண்டா" என்பீர்கள். அதனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் 'காற்புள்ளியார்' என்று பெயர் வைத்தோம். அது உங்களுக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இத்தனை கவனமான உங்களுக்கும் ஒரு நாள் கவனம் சறுக்கியது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக் கடந்துபோக முடியாத சறுக்கல் அது. பாராட்டு விழாவில் இதைப் படிக்கலாமா என்று எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. படிக்காமல் உங்களைப் பாராட்ட வழியில்லை என்று கடைசியில் புரிந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள். இரும்புக்கடைக்காரர் கொலை வழக்கில் அடையாள அணிவகுப்பு. கொலையைக் கண்ணால் கண்டவர் எதிர்க்கடைத் தையல்காரப் பெண் ஒருவர்தான். பிடிபட்டவன் குழாய் பழுது பார்க்கும் இளைஞன். அவனோடு அதே வயதில், அதே உயரத்தில், சாட்சிக்கு முன்பின் தெரியாத ஆறு பேரை நிறுத்த வேண்டும் என்பது விதி. வரச் சொல்லியிருந்த ஆட்கள் மழையில் வரவில்லை. நடுவர் உள்ளே காத்திருந்தார். "நீங்க ஆறு பேரும் சட்டையை மாத்திக்கிட்டு வந்து நில்லுங்கப்பா, வேலை முடியட்டும்" என்றீர்கள். கடைநிலை ஊழியர் இருவர், தட்டச்சர், ஓட்டுநர், அழைப்பாணை கொண்டுபோகிறவர், தேநீர்க்கடைக்காரர் என்று ஆறு பேரும் போய் நின்றோம். அந்தப் பெண் உள்ளே வந்தார், ஒரு கணமும் தயங்காமல் அவனைக் காட்டினார். வேலை முடிந்தது.

விசாரணையில் அவனுடைய அக்கா கூண்டேறினார். "அந்த நேரத்துல என் தம்பி எங்க வீட்டுல ஒழுகுற குழாயை மாட்டிக்கிட்டு இருந்தான். நான்தான் பக்கத்துல விளக்கைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றார். "தம்பியைக் காப்பாத்த அக்கா பொய் சொல்ல மாட்டாளா?" என்றார் அரசு வக்கீல். அக்கா அழுதார். கூடப் பிறந்தவளின் பேச்சு எடுபடவில்லை. கண்ணால் கண்டவரின் விரல் எடுபட்டது. ஆயுள் தண்டனை. அதன்பின் மாதம் தவறாமல் அந்த அக்கா நம் பதிவறைக்கு வந்து, "மேல்முறையீடு என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார். அதுவும் தள்ளுபடியான பிறகுகூட வருவதை நிறுத்தவில்லை.

போன ஆண்டு அந்தத் தையல்காரப் பெண் தன் சொந்த வேலையாக இங்கே வந்தார். எங்களில் ஒருவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உங்களிடம் சொன்னார்: "இந்தத் தம்பியை மறக்க முடியுமா சார்? அன்னைக்கு எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தாரே. மத்தவங்களும் காலையிலேருந்து என் கண்ணு முன்னாடி வராந்தாவுல நடந்துக்கிட்டே இருந்தாங்க. வரிசையில நான் பார்க்காத மூஞ்சி ஒண்ணே ஒண்ணுதான். சட்டுனு சொல்லிட்டேன்."

பாவம், வெள்ளந்தியாகத்தான் சொன்னார். உங்கள் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் உங்கள் கையாலேயே, உங்கள் பிழையை உங்கள் பெயரிலேயே எழுதி மேல்நீதிமன்றத்துக்கு அனுப்பினீர்கள். ஓய்வூதியம் போய்விடும் என்று எச்சரித்தார்கள். "அவனுக்குப் பதினோரு வருஷம் போயிடுச்சே, அதை யார் குடுப்பா?" என்றீர்கள். தையல்காரப் பெண்ணும் எழுதிக் கொடுத்தார். ஆனால் இத்தனை காலம் கழித்து இருவர் சொல்வது போதாது, வரிசையில் நின்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மேல்நீதிமன்றம் கேட்டது. நீங்கள் எங்கள் ஒவ்வொருவர் முன்னும் வந்து நின்றீர்கள். "பிள்ளைகுட்டிக்காரங்க ஐயா, எங்களை விட்டுடுங்க" என்றோம். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த 'சரிப்பா'வுக்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம், ஐயா.

மூன்று மாதங்களுக்கு முன் அந்த அக்கா இறந்துபோனார். மாதம் பிறந்தது, பதிவறைக்கு அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரித்து, சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் நம் அலுவலகத்தில் நீங்கள் ஒருவர்தான். எங்களுக்குத் தலை நிமிரவில்லை. இப்போதும் நிமிரவில்லை.

பண்பின் சிகரமே! பிழையை ஒப்பிய பெருந்தகையே! விடைபெறும் உங்களுக்குப் பரிசாக எதுவும் வாங்கவில்லை. இந்த மடலோடு ஓர் உறை இருக்கிறது. அன்று நாங்கள் எங்கே இருந்தோம், எப்போதிலிருந்து அந்தப் பெண்ணின் கண்ணில் பட்டோம் என்று ஆறு பேரும் தனித்தனியே சத்தியம் செய்து எழுதிய ஆறு வாக்குமூலங்கள் அதில் இருக்கின்றன. காலையிலேயே ஒரு படி மேல்நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் விசாரணை. காலம் கடந்த வேலைதான், திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

பணி ஓய்வு பெறுகிறவரைப் பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்துவது வழக்கம். நாங்கள் வழக்கத்துக்காக வாழ்த்தவில்லை. அவன் சிறையிலிருந்து வெளியே வரும் நாளில் வாசலில் நின்று கூட்டிப்போக அவனுக்கு ஆள் இல்லை. அதனால் நீங்கள் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும், ஐயா. இருந்தே ஆக வேண்டும்.

இங்ஙனம்,
அன்று வரிசையில் நின்றவர்கள்