போட்டோ எடுக்கும்போது தவிர

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டிதான், அதையும் படப்பைக் கடைத்தெருவில் கூட்டம் அதிகமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கார் சர்வீஸ் பயிற்சி மையத்தை ஆறு வருடம் நடத்தியவளுக்கு காரைத் தூக்கும் லிஃப்டைப் பற்றித் தெரியாமலா இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். ஓட்டத்தான் தெரியாது.

என் பெயர் பெனிட்டா. மையத்தில் எல்லாருக்கும் பெனிட்டா மேடம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் சிறுபிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. நான் எழுதித் தருகிற இந்த வாக்குமூலத்தையும் அதே நிதானத்தோடு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஐயா.

எங்கள் மையம் வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்கு வெளியே, முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடத்தில் நடக்கிறது. மணமேடையில் கரும்பலகை, சாப்பாட்டுக்கூடத்தில் ஒர்க்‌ஷாப். பத்தாவது தேறியிருந்தால் போதும், மூன்று மாதத்தில் நான்கு சக்கர வாகன சர்வீஸ் உதவியாளர் ஆகிவிடலாம். வெளியே சாலையில் புதுக் கார்கள் டிரெய்லர் டிரெய்லராகப் போய்க்கொண்டே இருக்கும். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதற்கும் எஞ்சின் கிடையாது. திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று எஞ்சினைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். விழா முடிந்ததிலிருந்து பெட்டிச் சாவியைக் காணவில்லை.

அதனால் பயிற்சி பெரும்பாலும் போட்டோவில் நடந்தது. இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு படம் அரசுப் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். படத்தில் முகம் தெரிய வேண்டும், கருவி தெரிய வேண்டும், வாகனம் தெரிய வேண்டும், எடுத்த இடமும் நேரமும் மூலையில் விழ வேண்டும். வேலை தெரிய வேண்டும் என்று எங்கும் போடவில்லை. விதிமுறைகளை நான்கு முறை படித்தவள் நான். பிரேக் பாடத்தை நாற்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே காலையில் முடித்திருக்கிறேன். ஒரு சக்கரம், ஒரு ஸ்பேனர். ஒவ்வொருவராக வந்து குந்தி, கேமராவைப் பார்த்து, எழுந்து போனார்கள். ரேஷன் கடை வரிசைகூட அவ்வளவு ஒழுங்காக நகராது. தலைமை அலுவலகத்தில் முனிரத்தினம் சார் மற்ற மையங்களுக்கு எங்களைத்தான் உதாரணம் காட்டுவார்.

தொல்லை கொடுத்தது லிஃப்ட்தான். இரண்டு இரும்புத் தூண்கள், அவற்றின் கைகள் காரை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி நிறுத்தும், மாணவர்கள் அடியில் நின்று வேலை பார்க்கலாம். தூக்கியதும் இரண்டு தூணிலும் ‘டக்’ என்று லாக் விழ வேண்டும். விழுந்துவிட்டால் எண்ணெய் கசிந்தாலும் கார் இறங்காது. எங்கள் லிஃப்டில் இடது தூணில் அந்தச் சத்தம் வருவது நின்றுபோயிருந்தது.

“மேடம், இந்தப் பக்கம் லாக்கு வுழ மாட்டேங்குது. ஆயில் வேற கசிஞ்சிகினே கீது. இத்த நம்பி எவனையும் கீழ வுட முடியாது,” என்றார் மரியஜோசப். எங்கள் பயிற்றுநர், இருபது வருடம் மெக்கானிக் ஷெட்டில் இருந்தவர். எதையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்வார்.

நான் அலட்சியமாக இருக்கவில்லை. அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதிலில் இரண்டே வரி. பழுது நீக்கும்வரை லிஃப்டைப் பயன்படுத்த வேண்டாம் என்பது முதல் வரி. வாகனத்தின் அடிப்பாகப் பாடத்துக்கான படங்கள் நிலுவையில் உள்ளன, வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றவும் என்பது இரண்டாவது. இரண்டுமே உத்தரவு. ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தால் மற்றதை மீற வேண்டும். ஓர் இரவு முழுக்க யோசித்து, இரண்டுக்கும் கீழ்ப்படிகிற வழியைக் கண்டுபிடித்தேன். காலையில் தூணில் அறிவிப்பு ஒட்டினேன்: ‘இந்த லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. போட்டோ எடுக்கும்போது தவிர.’

மரியஜோசப் அதை வாய்விட்டுப் படித்தார். “அப்ப போட்டோ எடுக்கசொல்லோ மட்டும் அது வுழாதா மேடம்?” என்று கேட்டார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவனுக்கு இருபது விநாடிதான் என்று எடுத்துச் சொன்னேன்.

சுடலைக்கண்ணு பற்றி இங்கே சொல்ல வேண்டும். சாத்தான்குளம் பக்கத்துப் பையன், இருபது வயது. ஒரகடத்தில் ஓர் அறையில் ஐந்து பேரோடு தங்கியிருந்தான். தங்கை சுகப்பிரியா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் வேலை, ஹாஸ்டல் வாசம். அவன் உண்மையிலேயே வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தான். சாப்பாட்டு நேரம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று எஞ்சினையே பார்த்துக்கொண்டிருப்பான். அதைத் திறந்து காட்டுங்கள் என்று வாரம் ஒருமுறை மனு எழுதுவான். ஊரில் சொந்தமாக ஷெட் போட வேண்டுமாம். இப்படி ஒரு மாணவன் இருந்தால் மையத்துக்குச் சிரமம்தான், ஆனாலும் அவன் மேல் எனக்குப் பிரியம் உண்டு. கண்ணு என்றுதான் கூப்பிடுவேன்.

இன்னொரு விதியும் இருக்கிறது. கடைசிவரை எல்லாப் படங்களோடும் நாற்பது பேராவது இருந்தால்தான் தேர்வு நடக்கும். ஒருவர் குறைந்தாலும் வகுப்பு முழுவதும் ரத்து, யாருக்கும் சான்றிதழ் கிடையாது. எங்களிடம் சேர்ந்தவர்கள் நாற்பத்தெட்டு. எட்டுப் பேர் பாதியிலேயே கம்பெனி கான்ட்ராக்ட் வேலைக்கு ஓடிவிட்டார்கள். மிச்சம் சரியாக நாற்பது.

வியாழக்கிழமை படம் எடுத்தோம். மற்றவர்களை வகுப்பறையில் வீடியோ பார்க்கச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராக அழைத்தேன். லிஃப்டின் சுவிட்சில் மரியஜோசப், போனோடு நான். முப்பத்தொன்பது பேர் சிக்கலில்லாமல் முடிந்தார்கள். நாற்பதாவதாக, கடைசி ஆளாகச் சுடலைக்கண்ணு வந்தான். ஸ்பேனரைக் கொடுத்து இருபது விநாடி நில் என்றேன். எல்லாரும் ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

“மேடம், இந்த நட்டு லூசாக் கெடக்கு. ஒரு நிமிசம் பொறுங்க, முறுக்கிட்டு வந்துருதேன்,” என்றான்.

ஒரு நிமிடம் நான்கு நிமிடமானது. கார் இடது பக்கம் சாய்ந்து விழுந்தது. அவன் அதன் அடியில் இருந்தான். வகுப்பறையிலிருந்து எல்லாரும் ஓடிவந்து தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது, பிரயோஜனமில்லை. நான் அழுதேன். பொய் சொல்லவில்லை, அப்படி அழுது பல வருடமாகிறது. பிறகு முகம் கழுவிக்கொண்டு, மிச்சமிருக்கும் முப்பத்தொன்பது பிள்ளைகளைப் பற்றி யோசித்தேன். யாராவது ஒருவர் அவர்களைப் பற்றி யோசிக்க வேண்டும் இல்லையா?

அவன் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து இருந்தது. அதைப் பார்த்து, ஒரு வாரம் முன்பே சொந்தக் காரணத்தால் படிப்பை விட்டு விலகுவதாக ஒரு கடிதம் தயாரித்தேன். சேரும்போது கொடுத்த பள்ளிச் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வந்தவன் யாரையும் கேட்காமல் காருக்கடியில் போய்விட்டான் என்று உங்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். மரியஜோசப் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. மாணவர்களை உட்கார வைத்து, வாயைத் திறந்தால் ஒருவருக்கும் சான்றிதழ் இல்லை என்று அமைதியாக விளக்கினேன். முப்பத்தொன்பது பேரும் புரிந்துகொண்டார்கள். எங்கள் மையத்தில் பிள்ளைகள் முழுதாகக் கற்றுத் தேறிய பாடம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆக, உங்கள் கோப்பில் சுடலைக்கண்ணு படிப்பை விட்டவன். இணையதளத்தில் விடாதவன். உங்கள் அலுவலகமும் அவர்கள் அலுவலகமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை, அது என் தப்பில்லை.

வருகைப்பதிவுக்கு முகம் பார்க்கும் கருவி இருந்தது. உயிரோடிருந்தவரை அவனைத் தலையை அப்படித் திருப்பு, இப்படித் திருப்பு என்று பாடாய்ப் படுத்தும். அவனுடைய பாஸ்போர்ட் சைஸ் படத்தை நீட்டினேன், உடனே ஏற்றுக்கொண்டது. மூன்று வாரம் தினமும் காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் நீட்டினேன். பாவம், இருந்தபோதுகூட அவன் அவ்வளவு நேரத்துக்கு வந்ததில்லை, ஷேர் ஆட்டோ கிடைக்காது. டேப்லெட்டில் நடந்த தேர்வை அவனுக்காக நானே எழுதினேன். எண்பத்து நான்கு மதிப்பெண். வேண்டுமென்றே இரண்டு மூன்று கேள்வியைத் தப்பாகப் போட்டேன், நம்பும்படி இருக்க வேண்டுமே.

தேறியவர்களுக்கு வேலை வாங்கித் தர வேண்டும், அதில் மூன்று மாதம் நீடிக்கவும் வேண்டும். வடக்குப்பட்டில் என் தங்கை வீட்டுக்காரர் ஃபிரடி ஒரு சர்வீஸ் ஷெட் வைத்திருக்கிறார். அவருடைய லெட்டர்பேடில் சுடலைக்கண்ணுவுக்கு வேலை போட்டுக் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகள் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கார் கழுவ விடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு உணவு டெலிவரிக்குப் போய்விட்டார்கள். ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் மூன்று மாதத்தை முடித்தவன் சுடலைக்கண்ணு ஒருவன்தான். முனிரத்தினம் சார் கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

இணையதளம் தானாகவே அவன் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும் என்பதை நான் யோசிக்கவில்லை. ‘வாழ்த்துகள் சுடலைக்கண்ணு. பணியில் மூன்று மாதம் நிறைவு செய்துள்ளீர்கள்.’ அவன் போன் அவன் தங்கையிடம் இருந்தது.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனிச் சீருடையோடு நேராக மையத்துக்கு வந்தாள் சுகப்பிரியா. சத்தம் போடவில்லை. போனை என் மேசைமேல் வைத்தாள்.

“எங்கண்ணன் எந்த ஷெட்ல வேல பாக்கான் மேடம்? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருதேன்.”

உட்காரச் சொன்னேன், டீ வரவழைத்தேன். அவள் உட்காரவில்லை.

“நாலு மாசமா அம்மா சோறு தின்ன மாட்டேங்கா. நல்லபடியா வேலயில இருக்கான்னு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க மேடம். ஒங்க கம்ப்யூட்டரு சொல்லுதுல்லா.”

கணினித் தவறு என்றேன். அவள் போனை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு நிர்வாகச் சிக்கல்கள் புரியாது.

ஒரு திருத்தம் மட்டும் பாக்கி. மரியஜோசப் இதை உங்களிடம் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கார் விழுவதற்கு முன் சுடலைக்கண்ணு வெளியே வந்துவிட்டான்.

இடது பக்கம் ஒரு சாண் இறங்கியதை நாங்கள் மூவருமே பார்த்தோம். “டேய், வெளிய வாடா, எறங்குது,” என்றார் மரியஜோசப். அவனும் நட்டை விட்டுவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றான். மூச்சு வாங்கியது. நான் போனில் படத்தைப் பார்த்தேன். அண்ணாந்து நட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், அதனால் முகம் தெரியவில்லை. முகம் தெரியாத படத்தை இணையதளம் ஏற்காது. ஒருவன் படம் குறைந்தால் எண்ணிக்கை முப்பத்தொன்பது. எல்லாருக்காகவும்தான் சொன்னேன்: “இன்னும் ஒன்னே ஒன்னு கண்ணு, போய் நில்லு.”

மரியஜோசப், “வாணாம் மேடம்,” என்றார். சுடலைக்கண்ணு காரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

“நீங்க சொன்னாச் சரி மேடம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். இந்த முறை நட்டைத் தொடவில்லை. சொன்னபடி கேமராவைப் பார்த்து நின்றான்.

படம் அன்று மாலையே ஏற்கப்பட்டது. அவன் வேலை கற்றுக்கொள்வதுபோல ஒரு படம்கூட வீட்டில் இல்லையாம், ஃபிரடி விசாரித்துச் சொன்னார். என் போனை நீங்கள் திருப்பித் தந்ததும் அதைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, அவன் அம்மாவுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். தெளிவாக வந்திருக்கிறது, ஐயா. முகம் முழுக்கத் தெரிகிறது, லேசாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். சிரிக்கச் சொன்னது நான்தான்.