பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் கேட்டது

என் பெயரும் விலாசமும் மேலே எழுதியபடி சரி. வயது அறுபத்து மூன்று. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளை கிடையாது. தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருப்பதால் கட்டிலை விட்டு இறங்க முடியாது. ஆஸ்பத்திரியின் விசாரணை அதிகாரி என்னிடம் வந்து கேட்டபோது நான் சொன்னதாவது:

என் அறையில் மற்றொரு கட்டில் காலியாகக் கிடந்தது. பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் சும்மா சும்மா மணியை அழுத்துவேன். நர்ஸம்மா ஒருநாள், "அண்ணே, எதிர் ரூம் பெயின்டரப் பாருங்க. மணியே அடிக்கறதில்ல. அவர் நெஞ்சுக்கு ஒண்ணுன்னா மிஷினே எங்க மேஜைக்குச் சொல்லிடும்" என்றார். "அப்ப அவரையே இங்க கொண்டாந்து போடும்மா, புண்ணியமாப் போகும்" என்று நச்சரித்தேன். அவரையும் யாரும் பார்க்க வருவதில்லை.

அதன் பிறகு நர்ஸம்மா மனமிரங்கி அவரை இங்கே மாற்றி, இந்தக் கட்டிலின் மிஷினை மாட்டினார். டாக்டர் ஆபரேஷனில் இருந்ததால் ரூம் மாற்றும் ஆர்டரைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஆயாவிடம் சொன்னார். அதற்குள் வேறொரு நோயாளிக்கு ரத்தம் கொட்டுகிறது என்று கூப்பிடவே ஓடிவிட்டார்.

அதன் பிறகு நானும் பெயின்டரும் பேசிக்கொண்டிருந்தோம். விலாசம் தவறி அடுத்த வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, வீட்டுக்காரனிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். வெகுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். கதை பாதியில் நின்றது. களைத்துவிட்டார் என்று நினைத்தேன். மிஷின் கத்தியது. மேஜையில் கேட்டிருக்கும், ஓடி வருவார்கள் என்று இருந்தேன். மணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அடித்தால், திரும்பவும் இந்த ஆளா என்பார்களே என்று அடிக்கவில்லை. யாரும் வராததால் பிறகு மணி அடித்து, தொண்டை கிழியக் கத்தினேன். வந்தார்கள். உயிர் போய்விட்டது.

டாக்டர் ஆர்டர் போட்டு, இந்தக் கட்டிலின் மிஷினை அவர் பெயரோடு கம்ப்யூட்டரில் சேர்த்தால்தான் சத்தம் மேஜைக்குப் போகும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பழி முழுவதையும் நர்ஸம்மா தலையில் போடுவது அநியாயம். ஆள் வேண்டும் என்று கேட்டவன் நான்.

படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போட எனக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று அதிகாரி கேட்டார். இங்கே எனக்குத் தெரிந்தவர் அந்த நர்ஸம்மா ஒருவர்தான், அவரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லி, நான் மட்டும் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)