காற்றுக்கு வேர்த்த கதை

பிள்ளைகளே, ஆலங்காயத்திலிருந்து புதூர்நாடு போகும் ஜீப்பில் என் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். எதிரே, வீட்டோடு இரும்புப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அம்மாள். பக்கத்தில், மகள் கல்யாணத்துக்கு அவரிடம் பீரோ செய்யச் சொன்ன மலைக்காரர். பெயிண்டெல்லாம் கொப்புளம் என்று முதல் பீரோவை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது பீரோ, சாக்கு சுற்றி ஜீப்பின் மேலே கிடந்தது.

"இதுக்கும் அம்மை போட்டிருந்தா இன்னாம்மா பண்றது? நாளன்னிக்குக் கல்யாணம்."

"போடாதுங்க. அன்னிக்குக் காத்துக்கு வேர்த்துடுச்சி."

"காத்துக்கா?"

"பெயிண்ட் பீச்சுற கம்ப்ரசர் காத்தை அமுக்குறப்போ காத்து சுடுதுங்க. ஆறினா, சோத்துப்பானை மூடியாட்டம் தண்ணி வுடுது. அந்தத் தண்ணி பெயிண்டோட போயி ஒட்டிக்கிச்சி. இப்போ கம்ப்ரசர்லேர்ந்து நீட்டு இரும்புக் குழாயை மேல ஏத்தி வுட்டிருக்கேன். காத்து அதுலியே ஆறிடும், தண்ணி கீழ எறங்கிடும். தெனம் குழாய்க்கு அடியில இருக்குற வால்வைத் தொறந்து வடிச்சிடுவேன்."

"பிளாஸ்டிக் குழாய் சல்லிசாச்சே?"

"அந்த அமுக்கத்துல அது வெடிச்சா சில்லு கண்ணுல ஏறும்ங்க. எனக்குக் கண்ணு வேணும்."

புதூர்நாட்டில் மலைக்காரரின் ஆட்கள் பீரோவை இறக்கிச் சாக்கை அவிழ்த்தார்கள். மலைக்காரர் கதவு முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு அதில் தெரிந்த தம் மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

"வூட்டுக்கு எடுத்துக்கினு போங்கப்பா. ஏம்மா, உன் வூட்டுக்காரர் கெட்டிக்காரர்தாம்மா."

"பெயிண்ட் அடிச்சது அவருங்க," என்றார் அந்த அம்மாள். "காத்தைக் காய வச்சது நானு."