படலையடியில் சொன்ன 'இல்லை'

பின்னேரம் ஆறே முக்கால். கடைசி பஸ்ஸும் போய்விட்டால் நாரந்தனை றோட்டில் நாய்கூட நிற்காது... கதிரையைக் கிட்ட இழுங்கோ. சத்தமாகச் சொல்லுற கதையில்லை இது.

தனுசியா எங்கட மச்சாளின் ஒன்றுவிட்ட தங்கச்சி. அவளுடைய புருசன் ஜெயரூபனும், கடலுக்குப் போகிற கிளின்ரனும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். போய்வருவதும் ஒரே சைக்கிள். கிளின்ரன் மிதிப்பான், ஜெயரூபன் கரியரில். கழுத்து நீளம் என்று கிளின்ரன் அவனுக்கு வைத்த பட்டம் 'ஓணான்'. போன வருசம் ஜெயரூபனின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில், மாமனார் ஆட்களுக்கு முன்னால் வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டான். பந்தியே சிரித்தது. எங்கட ஜெயரூபன் பெரிய ரோசக்காரர் எல்லோ... அன்றோடு பேச்சு நின்றது.

ஒருநாள் வாசல் படலையடியில் சைக்கிள் மணி.

"ஓணான் நிக்கிறானோ, தங்கச்சி?"

ஜெயரூபன் குசினிக்குள் அடுப்படியில் நின்று, இல்லை என்று சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினான். தனுசியா சொன்னாள்: "அவர் இல்லை அண்ணை."

"அப்ப பிறகு வாறன்."

அன்றிரவு வலைக்குப் போனவன் மூன்றாம் நாள் பிணமாய்க் கரை ஒதுங்கினான். சவப்பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை.

செத்த வீட்டில் 'போட்டு வாறன்' என்று விடைபெறவே கூடாது, சாவு திரும்பி வரும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஜெயரூபனோ பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கதறினான்: "நான் வீட்டைதான்ரா நிக்கிறன்... ஒருக்கா வந்திட்டுப் போடா!"

அழுதுகொண்டிருந்த கிளின்ரனின் தாய் செபஸ்தியம்மாவே ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினா.

வீட்டுக்கு வந்தும் ஒரே கேள்வி. "நான் உள்ளுக்கை நிண்டது அவனுக்குத் தெரியுமே? என்னெண்டு போனவன்? சிரிச்சுக்கொண்டோ?"

"ஓம், சிரிச்சுக்கொண்டுதான்" என்றாள் தனுசியா. பொய். கிளின்ரன் குசினி யன்னலையே பார்த்தபடி நின்றவன். அதைச் சொன்னால் மனுசன் உயிரோடு இருக்காது என்று அவளுக்குப் பயம்.

செத்த வீட்டு முழுக்குக்கு அவனைக் கிணற்றடிக்கு அனுப்பினாள். ஆறே முக்கால். கப்பி கிறீச்... கிறீச்... வாளி தொப்...

கப்பி நின்றது.

படலையடியில் சைக்கிள் மணி. தண்ணீர் புகுந்த மணி. பாசி அழுகின மணம்...

"ஓணான் நிக்கிறானோ, தங்கச்சி?"

கிணற்றடியிலிருந்து ஜெயரூபன் குழறினான். "நிக்கிறன் எண்டு சொல்லு! தனு, நிக்கிறன் எண்டு சொல்லடி!"

தனுசியா தாலியை இறுக்கிப் பிடித்தாள். புருசனைக் காப்பாற்றுகிற நினைப்புத்தான், பாவம். பழகின அதே சொல் வாயில் வந்தது.

"அவர் இல்லை அண்ணை."

படலைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"ஓம்... இனி இல்லைத்தான்."

சைக்கிள் திரும்பியது. கரியரில் ஆள் ஏறினால் ஒரு முனகல் வருமே... அது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். கல்லில் சவர்க்காரம் நுரைத்தபடி. கொடியில் அவன் கட்டியிருந்த சாரம். ஆளில்லை. கிணற்றை இறைத்தும் பார்த்தார்கள்... ஒன்றுமில்லை.

இப்ப எட்டு மாசம். நம்பாட்டி அந்தப் படலையில் நின்று ஜெயரூபனைக் கேட்டுப் பாருங்கோ. செத்தாலும் தனுசியா 'இல்லை' என்று சொல்லமாட்டாள். "நிக்கிறார் அக்கா, குளிக்கிறார்" என்பாள். எனக்கும் அப்படித்தான் சொன்னவள். விசர் பிடிச்சிட்டுது, பாவம் என்று சிரிச்சுக்கொண்டு திரும்பினனான்...

அப்பதான் கேட்டது, கிணற்றடியில் கப்பி, கிறீச்... கிறீச்...