வைஜயந்தி அக்கா தன் பெயரில் ஏற்ற பிழை

தாலுகா வேளாண் அலுவலகத்தின் மானியப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் மதிப்பிற்குரிய வைஜயந்தி அக்கா அவர்களே! சேறு படிந்த செருப்போடு வந்தவரையும் நாற்காலியில் உட்காரச் சொன்னவரே! சர்வர் நின்ற நாளிலும் சிரிப்பு நிற்காதவரே! வணக்கம்.

அலுவலகத்தார் அனைவரின் பாராட்டும் மராத்தியில் வாசிக்கப்பட்டது. உங்கள் வீட்டில் மாட்டத் தமிழிலும் ஒன்று வேண்டும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். உங்களை விட்டால் இங்கே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

புணே நகரத்துக் கட்கியிலிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறி வந்தீர்கள். வெங்காயம் அழுகிய ஆண்டிலும் ஆலங்கட்டி மழையில் திராட்சை உதிர்ந்த ஆண்டிலும் உங்கள் மேசை முன்தான் வரிசை நீண்டது. சொட்டுநீர்க் குழாய்க்கான மானியமோ பயிர்ச்சேத உதவியோ, விண்ணப்பத்தில் குறை இருந்தால் திருப்பி அனுப்பாமல் நீங்களே நிரப்பிக் கொடுத்தீர்கள். இவையெல்லாம் மராத்தி மடலிலும் இருக்கின்றன. அதில் இல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு என் மனைவி கிருஷ்ணப்ரியா இறந்தாள். பதினேழாம் நாள் வேலைக்கு வந்தேன். பயிர்ச்சேத உதவிப் பட்டியலில் இறந்தவர்களைக் குறிக்கும் வேலை. ஒரு கிராமத்தில் கணவன், மனைவி இருவர் பெயரிலும் தனித்தனி நிலம். கணவர் இறந்துவிட்டார் என்று தாளில் தெளிவாகவே இருந்தது. நான் மனைவியை இறந்தவராகப் பதிந்தேன். ஒப்பந்த ஊழியனான எனக்குத் தனிக் கடவுச்சொல் இல்லை. எப்போதும் போல உங்களுடையதில்தான் பதிந்தேன்.

நான்கு மாதம் கழித்து அந்த அம்மாள், தாராபாய், உங்கள் மேசை முன் வந்து நின்றார்.

“குங்குமம் அழிச்சவ நான், செத்தவரு அவரு. உங்க கம்ப்யூட்டருக்கு இதுகூடத் தெரியாதா தாயி?” என்று மராத்தியில் கேட்டார்.

வரிசையில் சிலர் சிரித்தார்கள். நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அவரை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தீர்கள்.

பதிந்தது யார் என்று பிறகு நடந்த விசாரணையில் கேட்டார்கள். “நான்தான்” என்றீர்கள் நீங்கள். வெளியே வந்ததும் நான் பேச வாயெடுத்தேன்.

“கம்முனு இரு தம்பி. எனக்குன்னா ஒரு மெமோ, சல்தா ஹை, ஓடிடும். உனக்குன்னா நேரா வீடு. வீட்டுக்குப் போயி என்னா பண்ணுவே, சுவத்தப் பாத்துக்கினு உக்காருவியா?”

நான் பேசாமல் இருந்தேன். பதினோரு மாதம்.

தாராபாய் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்க அவரோடு வங்கிக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் ஆறு முறை அலைந்தீர்கள். பணம் வந்தது. அதற்குள் விதைப்புக் காலம் போயிருந்தது. அந்த நிலம் ஒரு பருவம் தரிசாகக் கிடந்தது. உங்கள் விசாரணைக் கோப்போ இன்னும் மூடப்படவில்லை. அதனால் இன்று சால்வையும் தேங்காயும் வாங்கிக்கொண்டு, ஓய்வூதிய ஆணை இல்லாமல் வீட்டுக்குப் போகிறீர்கள்.

இதைத் தமிழில் மட்டும் சொன்னால் இந்த அறையில் உங்களைத் தவிர யாருக்கும் புரியாது. எனக்கு அது வசதி. ஆகவே நடந்ததை மராத்தியில் எழுதி, கையெழுத்திட்டு, இன்று காலை தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். அதிகாரி நாளை படிப்பார். என் ஒப்பந்தம் இருக்குமா என்று தெரியாது. உங்கள் கோப்பு மூடப்பட வேண்டும்.

முழங்கால் வலி இல்லாமல், பேருந்துக்கு ஓடாமல், நெடுநாள் நலமாக இருங்கள் அக்கா. கோபம் வந்தால் திட்டுங்கள். கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கச் சொல்லாதீர்கள்.

ஊழியர்கள் அனைவரும் என்று கீழே போடச் சொன்னார்கள். இந்தப் பிழையில் அவர்களுக்குப் பங்கில்லை. ஆகவே என் பெயர் மட்டும்.

ராம்பிரசாத்
ஒப்பந்தக் கணினிப் பதிவாளர், மானியப் பிரிவு
புணே மாவட்டம்