சிவப்பு நூல் கட்டின கடா

…ஆண்டவருடைய வேலை உலகம் முழுக்க நடக்கிறது என்று இந்தச் சபைக் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசினவர்கள் அழகாகச் சொன்னார்கள். பெரிய வரைபடம் விரித்துக் காட்டினார்கள். என்னிடம் வரைபடம் இல்லை. ஒரு ஆட்டுக்கடா இருக்கிறது. அதாவது… இருந்தது. அதன் கதையைச் சொல்லுகிறேன். சின்னக் கதைதான். பந்தி போடுவதற்குள் முடித்துவிடுவேன், பயப்படாதீர்கள்.

போன வருஷம் என் வீட்டுக்காரி சொர்ணபாய்க்கு வயிற்றில் கட்டி. பாளையங்கோட்டையில் ஆபரேஷன். அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே நின்று நான் பொருத்தனை பண்ணினேன். "ஆண்டவரே, இவ தன் காலால நடந்து வீட்டுக்கு வந்துட்டான்னா, என் சாலமோனை அசனத்துக்குத் தந்துருதேன்."

சாலமோன் யார்? என் மகனா? இல்லை, என் கடா. அகத்திக்கீரை போட்டு வளர்த்தது. மகனைவிடச் சொன்ன பேச்சு கேட்கும்.

அவள் நடந்து வந்தாள். ஸ்தோத்திரம்! அசனப் பண்டிகையும் வந்தது. நம்ம சபையின் அசனம், அந்தப் பொது விருந்து, உங்களுக்குத் தெரியும். ஒருவர் ஆடு கொடுப்பார், ஒருவர் அரிசி, ஒருவர் கத்தரிக்காய். எல்லாம் ஒன்றாகச் சமையும். எந்த ஊர், என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் வந்தவர்களுக்கெல்லாம் இலை போடுவோம்.

ஆனால் என் மண்டைக்குள் தனியாக ஒரு உபதேசம் முளைத்தது. 'பொருத்தனை ஆட்டில் ஒரு துண்டாவது சொர்ணபாய் வாயில் படவேண்டும். படாவிட்டால் பொருத்தனை செல்லாது. கட்டி திரும்ப வந்துவிடும்.' இது வேதத்தில் எந்த அதிகாரம்? தேடாதீர்கள். நானே கண்டுபிடித்தது.

அதனால் என்ன செய்தேன்? சாலமோன் காலில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி அனுப்பினேன். எதற்கு? அடையாளத்துக்கு! என் மூளையைப் பாருங்கள்… ஆட்டை அறுத்தால் முதலில் கழிந்து போவதே காலும் குளம்பும்தானே!

அவளுக்குக் கறி வாங்கிவரத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சமையல் கொட்டகைக்குப் போனேன். நூல் மண்ணில் கிடந்தது. வரிசையாக அண்டாக்கள் கொதித்தன. சமையல் மாஸ்டர் சேர்மத்துரை துடுப்பு போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்.

"சேர்மத்துரை, என் ஆடு எந்த அண்டாவுலப்பா?"

"எந்த ஆடு அண்ணாச்சி?"

"சாலமோன்."

துடுப்பு நின்றுபோயிற்று. "இங்க வந்ததுல ஒண்ணுகூட பேரைச் சொல்லிட்டு உள்ள போகலையே அண்ணாச்சி!"

"ருசி பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும். அகத்தி தின்ன ஆடு."

பாவம், அந்த மனுஷன் கரண்டியைத் தந்தார். முதல் அண்டாவில் ஒரு வாய்… சாலமோன் மாதிரி இருந்தது. அடுத்ததில் ஒரு வாய்… அதுவும் சாலமோன் மாதிரி. அதற்கடுத்ததில் நாக்கு வெந்துபோச்சு. அப்புறம் என்ன, எல்லாமே சாலமோன்தான்!

கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவளுக்குத் திரும்பவும் நோவு வந்துட்டுன்னா நான் என்ன செய்வேன், சேர்மத்துரை?" என்று கேட்டேன்.

சேர்மத்துரை சிரிப்பை நிறுத்தினார். "அண்ணாச்சி, ஒரு அண்டாவுல உப்பு கூடிரும், ஒண்ணுல குறைஞ்சிரும். அதனால இதுல உள்ளதை அதுல ஊத்தி, அதுல உள்ளதை இதுல ஊத்தி, எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டேன். உம்ம ஆடு எல்லா அண்டாவுலயும் இருக்கு. ஒண்ணுக்குள்ள தேடுனா எப்படி அகப்படும்?"

நல்ல பதில்தானே? எனக்கு ஏறவில்லை. வெறும் வாளியோடு வெளியே வந்தேன். அங்கே பார்த்தால்… வீட்டில் படுத்திரு என்று நான் சொல்லிவிட்டு வந்த சொர்ணபாய், பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கறியைக் கடிக்கிறாள்!

"ஏட்டி, தின்னாத! அது நம்ம ஆடான்னு தெரியல!"

பந்தியே திரும்பிப் பார்த்தது.

அவள் மென்று முடித்தாள். நிதானமாகக் கேட்டாள். "நம்ம ஆடு இல்லன்னா, யாரோ குடுத்த ஆடு. என்னைத் தெரியாமலே எனக்குக் குடுத்திருக்காக. நல்லாத்தான் இருக்கு. நீரு சாப்பிட்டீரா?"

"இல்ல…"

"ஒத்த ஆட்டைத் தேடிக்கிட்டு ஊரு விருந்துல பட்டினியா நிக்கீரு! உக்காரும்."

உட்கார்ந்தேன். அதற்குள் கறி தீர்ந்துபோயிற்று. எனக்கு வந்தது கத்தரிக்காய்.

எனக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். காற்றாலை வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். கண்ணை மூடி ஏதோ பாஷையில் ஜெபித்தாள். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை… 'யீசு'. கண்ணைத் திறந்தாள். என் இலையைப் பார்த்தாள். தன் இலையிலிருந்து, இன்னும் கை வைக்காத ஒரு துண்டை எடுத்து என் இலையில் வைத்தாள்.

அது யாருடைய ஆடு? நான் கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

அருமையானவர்களே, என் சுகம், என் வீடு, என் பொருத்தனை, என் இரட்சிப்பு… எல்லாம் நல்ல கடாதான். நான் வளர்த்ததுதான். ஆனால் ஆண்டவர் அடுப்பு மூட்டியிருப்பது எனக்கு மட்டுமா? நம்ம ஊர்ப் பெயர் வாயில் நுழையாத யாரோ ஒருவர், கடலுக்கு அப்பால் இருந்து கொடுத்த சுவிசேஷத்தைத்தானே நம்ம முன்னோர்கள் சாப்பிட்டார்கள்? அந்த ஒடிசாக்காரி வாயில் அந்தப் பெயரை வைத்தது யார் கொடுத்த ஆடு? நாம் ஜெபிக்கிறதும் கொடுக்கிறதும் எந்தத் தேசத்து இலையில் போய் விழும்? தெரியாது… தெரியாமலே போகட்டும். நான் ஆளை அனுப்பித் தேடப் போவதில்லை.

இந்த வருஷமும் ஒரு கடா கொடுத்திருக்கிறேன். நூல் கட்டவில்லை. இதோ, முன்வரிசையில் என் சொர்ணபாய் கையைக் காட்டுகிறாள்… நன்றாகத்தான் இருக்கிறாள், பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சை நிறுத்தச் சொல்லுகிறாள். கறி தீர்ந்துவிடுமாம்.

எழுந்திருங்கள்… யார் ஆடானாலும் சரி, சேர்ந்து சாப்பிடுவோம்.