ஒரு குப்பி, மூன்று பேர்

மட்டாஞ்சேரிவாழ் தமிழ்ப் பெருங்குடி மக்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு: பேய் என்று ஒன்று கிடையாது. ஆகையால் கரண்ட் வரும்வரை நடுவில் இடம்பிடிக்க யாரும் முண்டியடிக்க வேண்டாம். சுப்புராஜ், காலில் கட்டுப் போட்டிருக்கிறாய், நீ மட்டும் உள்ளே தள்ளி உட்கார்.

இது அவன் பெரியப்பா வெங்கிடாசலத்துக்கு நடந்தது.

"ஏலேய், எங்க குடும்பத்தை ஏன் இழுக்கே?"

சும்மா கேள். எழுபத்தொன்பதாம் வருஷம். ஆடி மாசத்துக் கர்க்கடக மழை. ராத்திரி பதினொரு மணி. கொச்சங்காடி ரோட்டில் கிடங்கெல்லாம் பூட்டியாச்சு... ஒரு நாய்கூட இல்லை.

பெரியப்பா தனியாக வருகிறார். தோளில் பொன்னாடை. 'ஏழைகளின் தன்வந்திரி' என்று அன்றைக்குத்தான் பட்டம் கொடுத்திருந்தார்கள். ஆள் கம்பவுண்டர், பலகையில் மட்டும் டாக்டர், மூன்று மொழியில். ஒருவருக்குப் போடவேண்டிய பென்சிலின் குப்பியில் தண்ணீரைக் கூட்டி மூன்று பேருக்குக் குத்துவார். புண் லேசாக வாடும். "மதி, இது போதும்" என்று மலையாளத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம் சொல்லி அனுப்பிவிடுவார். வாடின புண் திரும்பி வரும்போது முழு மருந்துக்கும் மசியாது. சுக்குக் கிடங்கில் வேலைபார்த்த அங்கம்மாள் அப்படித்தான், விரலில் ஆணி குத்தி, கை வீங்கி, முந்தின மாதம் செத்துப்போனாள்.

பின்னால் ஈரச் செருப்புச் சத்தம். சளக்... சளக். சுக்கு வாசனை. அதற்கடியில் சீழ் நாற்றம்.

"டாக்டரய்யா... மீதி ஊசி?"

அவர் திரும்பவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் சொன்னது: "நாளைக்குக் கடைக்கு வா."

"வாரேன்யா."

ஊசி போடுகிற விரலை ஏதோ தொட்டது. ஜில்லென்று...

காலையில் அந்த விரலில் மிளகளவு கொப்புளம். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு முழுக் குப்பியை ஒரே ஆளுக்குப் போட்டார்: தனக்கு. கொப்புளம் நெல்லிக்காய் ஆனது. படகேறி எர்ணாகுளத்துப் பெரிய டாக்டரிடம் ஓடினார்.

"கையிலிருக்கிற எந்த மருந்துக்கும் இது அடங்கலை. எவன் அரைகுறையா ஊசி போட்டுக் கிருமியைப் பழக்கி வச்சது?"

தன்வந்திரி கூரையைப் பார்த்தார்.

அன்று ராத்திரி கடையில், ஸ்டவ் பற்றவைக்காமலே ஊசி கொதிக்கிற டப்பா குலுங்கியது. கிணுகிணு... கிணுகிணு. பெஞ்சில் அவள். வீங்கின கையை மடியில் போட்டு, பிள்ளையைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டு.

"அங்கம்மா... தாயே, விட்டுரு."

"நான் என்னய்யா செஞ்சேன்? கொஞ்சங்கொஞ்சமா ஊட்டி நீங்கதானே வளத்தீங்க? பிள்ளைக பெருசாயிட்டு. வளத்தவரைத் தேடி வந்திருக்கு."

தோள்வரை கறுத்தது. அவர் அலறல் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"மதி, இது போதும்" என்று எழுந்து போனாள்.

பொன்னாடையைத்தான் போர்த்தி எடுத்தார்கள்.

காரியம் முடிந்த கையோடு மகன் கடையைத் திறந்துவிட்டான். அதே பலகை. அதே ஒரு குப்பி, மூன்று பேர். சுப்புராஜ் தன் கால் புண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டது அங்கேதான்.